கன்னத்தைப் பார்த்துச் சொல்லும் கணக்கு

எங்கள் பக்கத்தில் மாசமாக இருக்கும் பெண்ணைப் பார்த்தால் முதலில் யாரும் வயிற்றைப் பார்ப்பதில்லை, கன்னத்தைத்தான் பார்ப்பார்கள். கன்னம் உப்பியிருந்தால் “நல்ல களையா இருக்கிறே சாமி” என்பார்கள். ஒட்டியிருந்தால், “ஏங்கண்ணு, அங்க சோறு கீறு போடறாங்களா இல்லையா?” என்று பக்கத்தில் நிற்கும் மாமியார் காதில் விழும்படியே கேட்பார்கள். ரெண்டுக்கும் நடுவே உள்ள கன்னத்தை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கம் என்றால் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடி, சித்தூர் தாலுகா. பிறந்தது பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், வாக்கப்பட்டது கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டில். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. வீட்டுக்குள் பேச்செல்லாம் கொங்குத் தமிழ்தான். ஆஸ்பத்திரியிலும் ஆபீஸிலும் மலையாளம். கர்ப்பிணிக்குச் சொல்லும் அறிவுரை மட்டும் இரண்டு மாநிலத்திலிருந்தும் குறைவில்லாமல் வந்து சேரும்.

எனக்கு இரண்டு குழந்தைகள். முதல் தடவை உண்டானபோது என் எடை 45 கிலோ. அடுத்த தடவை 64. உயரம் அதே 158 சென்டிமீட்டர். ஒரே ஆளுக்கு இரண்டு பிரசவத்திலும் எடை பற்றிச் சொல்லப்பட்ட கணக்கு வேறு வேறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, தெரிந்த வீடுகளிலும் ‘கர்ப்பிணின்னா இவ்வளவு ஏறணும்’ என்று ஒரே எண்ணை வைத்துக்கொண்டுதான் எல்லோரையும் அளக்கிறார்கள்.

முதல் மூன்று மாதம் மசக்கை ஆட்டிப் படைத்தது. தாளிக்கிற வாசம் வந்தாலே குடலைப் பிரட்டும். எடை ஏறுவதற்குப் பதில் இறங்கியது. அம்மா போனில் அழுதாள். பக்கத்து வீட்டுச் சேச்சி தினமும் வேலியோரம் நின்று, “எந்தா மோளே, ஆகெ க்ஷீணிச்சு போயல்லோ” (என்ன மகளே, ரொம்ப வாடிப்போயிட்டியே) என்று வருத்தப்படுவார். டாக்டர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. முதல் மூன்று மாதத்தில் மொத்தமாகவே அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரைதான் ஏறும், சிலருக்கு ஒரு கிலோ இறங்கவும் செய்யும், அந்த நேரத்தில் குழந்தைக்கு வேண்டியது எடையைவிட ஃபோலிக் ஆசிட் மாத்திரைதான் என்றார். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனால் உடனே வரவேண்டும், டிரிப்ஸ் தேவைப்படும் என்பதையும் சொல்லி அனுப்பினார்.

நான்காம் மாதம் வாய்க்குச் சோறு பிடித்தது. அப்புறம்தான் வீட்டுக்குள் இரண்டு கட்சி உருவானது.

மாமியார் கட்சி, ‘ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்’. காலையில் நெய் ஊற்றிய அரிசிம்பருப்புச் சோறு, பதினோரு மணிக்கு ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) நெய்யில் வாட்டியது, மத்தியானம் சோறு, சாயங்காலம் கச்சாயம், ராத்திரி மறுபடியும் சோறு. வீட்டுக்காரரின் பாட்டியை நாங்கள் ஆத்தா என்போம். அந்த ஆத்தா கட்சி இதற்கு நேர்எதிர். “ரொம்பத் தின்னீன்னா புள்ள பெருத்துரும். வயித்தக் கிழிச்சுத்தான் எடுப்பாங்க. அளவாத் தின்னு.” இது ஏதோ கஞ்சத்தனம் என்று முதலில் எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் ஐந்து பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றவர். ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் பிள்ளை பெரிதாக இருந்து வழியில் மாட்டிக்கொண்டால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். அந்தப் பயத்தில் பிறந்த பேச்சு அது. அப்போது அதற்கு ஒரு நியாயம் இருந்தது.

இப்போது அந்த நியாயம் செல்லாது. பட்டினி கிடந்தால் குழந்தை சின்னதாகலாம், அதனால் சுகப்பிரசவம் உறுதியாகிவிடாது. 2.5 கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தையை எடை குறைந்த குழந்தை என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். உடம்புச் சூடு தங்காது, பால் இழுத்துக் குடிக்கத் தெம்பிருக்காது, தொற்று சீக்கிரம் பிடிக்கும். சிசேரியன் பயம் ஆத்தாவுக்கு மட்டுமா? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதமும் கேரளத்தில் 38.9 சதவீதமும் சிசேரியன். இத்தனையும் குழந்தை பெருத்ததால் வந்தவை இல்லை. அம்மா சோற்றைக் குறைத்து இந்த எண்ணிக்கையை இறக்கிவிட முடியாது.

மாமியார் கட்சிக்கும் ஒரு கணக்கு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்காம் மாதத்திலிருந்து ஒரு நாளைக்குக் கூடுதலாகச் சொல்வது சுமார் 350 கலோரிதான். நம் அடுப்படியில் அது ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, ஒரு சின்னப் பூவன் பழம். அவ்வளவே. இன்னொரு ஆளின் முழுச் சாப்பாடு இல்லை. உண்மையில் கூடவேண்டியது சோறு இல்லை, பருப்பு, பச்சைப்பயறு, முட்டை, மீன், கீரை. கொங்குப் பக்கம் கொள்ளும் தட்டப்பயறும், பாலக்காட்டுப் பக்கம் கஞ்சியும் செறுபயறும் வீட்டிலேயே கிடக்க, நெய்யைத்தானே கரண்டி கரண்டியாக ஊற்றுகிறோம்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-ல் வெளியிட்ட பரிந்துரையைத்தான் பல டாக்டர்கள் பார்க்கிறார்கள். அதில் எவ்வளவு ஏறவேண்டும் என்பது கர்ப்பத்துக்கு முந்தைய பி.எம்.ஐ.யைப் பொறுத்தது. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அது 18.5-க்குக் கீழே இருந்தால் 12.5 முதல் 18 கிலோ வரை ஏறலாம். 18.5 முதல் 24.9 வரை என்றால் 11.5 முதல் 16. 25 முதல் 29.9 வரை என்றால் 7 முதல் 11.5. முப்பதும் அதற்கு மேலும் என்றால் 5 முதல் 9. நம் ஊர் உடம்புக்கு 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல்பருமன் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருப்பதால் சில டாக்டர்கள் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பார்கள். அரசு நர்ஸ்களுக்கான கையேட்டில் பொதுவாக 9 முதல் 11 கிலோ, முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு மாதம் சுமார் 2 கிலோ என்று இருக்கிறது.

45 கிலோவில் என் பி.எம்.ஐ. 18. அதனால் “நீ பன்னிரண்டரைக்குக் குறையக் கூடாது” என்றார் டாக்டர். 64 கிலோவில் அது 25.6. “ஏழு எட்டு போதும்” என்றார். முதல் தடவை ‘இன்னும் சாப்பிடு’ என்று கேட்ட அதே காது, இரண்டாம் தடவை ‘இது போதும்’ என்று கேட்டது. வீட்டில் யாரும் நம்பவில்லை. “மூத்தவனுக்கு அப்பிடிச் சொன்னாங்க, இப்ப இப்பிடிச் சொல்றாங்க, ஒரு சொல்லா இருக்க வேண்டாமா?” என்றார் மாமியார். நான் விளக்கினால் எதிர்ப்பேச்சு, சிஸ்டர் சொன்னால் சட்டம். ஆகவே அடுத்த செக்கப்புக்கு அவரையே கூட்டிக்கொண்டு போனேன். சிஸ்டர் மலையாளத்தில் சொன்னதை அவர் திரும்பி வரும் பஸ்ஸில் தன் சொந்த யோசனை மாதிரி என்னிடமே சொல்லிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை அவருடையதாகிவிட்டது. குறை சொல்கிறவரையே செக்கப்புக்குத் துணைக்கு அழைத்துப் போவதுதான் நான் கண்ட நல்ல வழி.

ஏறுகிற எடை எங்கே போகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் குறையும். குழந்தை மூன்று கிலோ. நஞ்சுக்கொடி முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பனிக்குடத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு கிலோ, கர்ப்பப்பை ஒரு கிலோ, மார்பகம் அரைக் கிலோ. உடம்பில் கூடும் ரத்தமும் நீரும் சேர்ந்து மூன்று கிலோ. மீதிதான் கொழுப்பு, அதுவும் பால் கொடுக்க உடம்பு எடுத்துவைக்கும் சேமிப்பு. என் சின்னம்மா மருமகள் ஒருத்தி, பெங்களூரில் வேலை, ஏழாம் மாதம் கடற்கரையில் போட்டோ எடுப்பதற்காக இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தாள். கை கால் மெலிசாக இருந்து வயிறு மட்டும் தெரியவேண்டுமாம். அவளிடம் இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். கர்ப்ப காலம் எடை குறைக்கும் காலம் இல்லை. ஏற்கெனவே குண்டாக இருப்பவர்களையும் அப்போது டாக்டர்கள் குறைக்கச் சொல்வதில்லை, ஏறும் வேகத்தை மட்டுப்படுத்தத்தான் சொல்கிறார்கள். அவள் என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. போட்டோ நன்றாகத்தான் வந்திருந்தது.

எடை பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சப்-சென்டரில் இருந்தது ஏறி நிற்கிற முள் மெஷின். சிஸ்டர் ஒவ்வொருத்தி ஏறும் முன்பும் குனிந்து, பக்கத்துத் திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். செருப்பு, கைப்பை, செல்போன் எல்லாம் பெஞ்சில் வைக்கச் சொல்வார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் கையை எடுக்கச் சொல்வார். இவ்வளவு செய்தும் பட்டுச்சேலையோடு வருகிறவளுக்கும் நைட்டி போட்டு வருகிறவளுக்கும் முக்கால் கிலோ வித்தியாசம் வரும். நான் எப்போதும் ஒரே மாதிரி காட்டன் சுடிதார், காலைப் பலகாரத்துக்கு அப்புறம், சிறுநீர் கழித்துவிட்டு ஏறுவது என்று வைத்துக்கொண்டேன்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஏழாம் மாதம் வளைகாப்பு, கட்டுச்சோறு முடித்துப் பொள்ளாச்சிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே போய் ஏறினால் மெஷின் ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டியது. “அம்மா வீட்டுக் கைப்பக்குவம்” என்று வீடே மகிழ்ந்தது. வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, எந்தப் பக்குவம்? மெஷின் வேறு, அவ்வளவுதான். எங்களைப் போல் எல்லை தாண்டிப் பிரசவத்துக்குப் போகிறவர்கள் முதல் நாளே புது இடத்து மெஷினில் ஏறி, அந்த எண்ணை அட்டையில் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கிருந்துதான் புதுக்கணக்கு. இல்லாவிட்டால் பொய்யான ஏற்றம் ஒன்று தெரியும், அல்லது உண்மையான ஏற்றம் ஒன்று மறைந்துபோகும். இன்னொரு விஷயம், கேரளா அட்டை கையில் இருந்தாலும் தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் போனவுடன் அந்தப் பகுதி நர்ஸம்மாவிடம் பதிந்து, எல்லோரும் பிக்மி நம்பர் என்று சொல்கிற எண்ணை வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். வலி வந்தபின் அதற்கு அலைய முடியாது.

அட்டையில் உள்ள எண்ணைவிட முக்கியம், ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி. இதை எனக்குப் புரியவைத்தது என் சித்தி மகள். வேலந்தாவளத்தில் கொடுத்திருந்தோம். எட்டாம் மாதம் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தாள். மெலிந்த பெண், அன்றைக்கு முகம் நிலா மாதிரி வட்டமாக இருந்தது. பந்தியில் ஒருவர் விடாமல் பாராட்டினார்கள். ‘இப்பத்தாண்டி புள்ளத்தாச்சி மாதிரி இருக்கிறே’ என்று ஒரு பெரியம்மா கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது பார்த்தேன், மோதிரம் விரல் சதைக்குள் புதைந்திருந்தது. கழற்ற வரவில்லையா என்று கேட்டதற்கு, நாலு நாளாக வரவில்லை, சோப்பு போட்டும் வரவில்லை என்றாள். தலைவலி வேறு. கல்யாணச் சத்தத்தில் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அட்டையைக் காட்டச் சொன்னேன். போன வாரம்தான் எடை பார்த்திருந்தாள். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனபோது அதைவிட இரண்டு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. பி.பி. 150/100, சிறுநீரில் புரதம். உடனே அட்மிட் போட்டார்கள். கர்ப்பகால ரத்தக் கொதிப்பு முற்றினால் வலிப்பு வரும், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பாதிக்கும். கொஞ்ச நாள் மருந்தில் வைத்திருந்து, குழந்தையை முன்கூட்டியே எடுத்தார்கள். 2.1 கிலோ. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள்.

சாயங்காலம் கால் வீங்குவது பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு உள்ளதுதான், காலையில் வடிந்துவிடும். முகமும் கையும் திடீரென்று வீங்குவது, ஒரே வாரத்தில் எடை எகிறுவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பி.பி. பார்க்க வேண்டும். 140/90-ஐத் தொட்டாலே டாக்டர் பார்க்க வேண்டிய அளவு. ஒரு மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் ஏறினால் ரத்தக் கொதிப்பா, சர்க்கரையா, இரட்டைப் பிள்ளையா என்று சந்தேகப்படச் சொல்லி நர்ஸ்களுக்கே பாடம் இருக்கிறது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பூரிப்பு. அந்தப் பந்தியில் அத்தனை பேரும் ஆசையாகத்தான் சொன்னார்கள், அதனாலேயே எனக்கு இன்றும் அந்தப் பாராட்டைக் கேட்டால் முதலில் விரலைத்தான் பார்க்கத் தோன்றுகிறது.

இரண்டாவது பிரசவத்தில் எனக்கு வந்தது சர்க்கரை. முதல் விசிட்டில் சரியாக இருந்தது. ஆறாம் மாதம் மறுபடியும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை, குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. பஸ் பிடித்து வரும் கிராமத்துப் பெண்களுக்கு இது பெரிய வசதி. இதற்காகப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் நம் நாட்டில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

எனக்கு 152 வந்தது. “குண்டா இருந்ததால வந்துச்சு” என்று உடனே தீர்ப்பு வந்தது. எடை ஒரு காரணம், உண்மை. ஆனால் அன்று என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த, காற்றடித்தால் விழுந்துவிடுவாள் போன்ற ஒரு பெண்ணுக்கும் அதே முடிவுதான். குடும்பத்தில் சர்க்கரை இருப்பது, வயது, நம் ஊர் உடம்புவாகு என்று பல காரணங்கள். எனவே ஒல்லியாக இருக்கிறோமே என்று இந்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே வந்தால் மாத்திரை, இன்சுலின் வேண்டாம். கேரளத்துச் சிவப்பரிசியான மட்டை அரிசி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஒரு நம்பிக்கை இங்கே உண்டு. சிவப்போ வெள்ளையோ, அளவுதான் பேசும். மூன்று வேளையை ஆறாகப் பிரித்தேன். சோற்றை ஒரு கிண்ணமாக்கி, பொரியலை இரண்டாக்கினேன். ஏத்தன்பழம் பாதி. பழம்பொரி கிடையாது. ராகிக் களியும் அளவோடு, அதுவும் மாவுதான். சாப்பிட்டதும் தோப்புக்குள் கால் மணி நேரம் நடை. அளவு இறங்கியது. எடை ஏறும் வேகமும் மட்டுப்பட்டது, ஒரு மாதம் ஒரு கிலோதான். வீட்டில் பதறினார்கள். ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி சரியாக இருந்ததால் டாக்டர் விட்டுவிட்டார். கடைசியில் எட்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். இளையவள் 3.1 கிலோ.

பிள்ளை பிறந்த பிறகு எடைப் பேச்சு தலைகீழாக மாறும். அம்மா வீட்டில் பத்தியம், பூண்டு, சுக்கு, பால்சுறாக் கருவாடு. “தண்ணி நிறையக் குடிக்காதே, வயிறு தொங்கிரும்” என்று டம்ளரை எண்ணிக் கொடுப்பார்கள். புகுந்த வீட்டுப் பக்கம் உலுவாக் கஞ்சி (வெந்தயக் கஞ்சி), லேகியம், எண்ணெய் தேய்த்து வேதுகுளி. பெற்றவள் நாற்பது நாளில் மினுமினுப்பாகத் தடித்து வெளியே வந்தால்தான் வீட்டுக்கு மரியாதை. இரண்டிலும் எனக்குப் பிடித்தது உண்டு, எண்ணெய்க் குளியலைப் போல ஒரு சுகம் கிடையாது. தண்ணீரைக் குறைப்பது மட்டும் வேண்டாம். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் வந்தால் குடிக்கத்தான் வேண்டும், வயிறு தொங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதல் ஆறு மாதம் பால் கொடுப்பவளுக்குக் கர்ப்ப காலத்தைவிடக் கூடுதலாக, ஒரு நாளைக்கு சுமார் 600 கலோரி அதிகம் தேவை. நன்றாகச் சாப்பிட வேண்டியது அப்போதுதான். அதற்காக லேகியத்தைக் கிண்ணத்தில் போட்டுத் தின்ன வேண்டியதில்லை. அதில் பாதி வெல்லம்தான், சர்க்கரை வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

பிரசவத்தன்றே ஐந்து ஆறு கிலோ இறங்கிவிடும். மீதி மெதுவாகத்தான் போகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். எனக்கு முதல் பிரசவத்தில் ஏறியதில் ஒரு பங்கு போகவே இல்லை, அதுதான் இரண்டாவது தடவை 64-ல் தொடங்கக் காரணம். இடையில் டவுனுக்கு வேலைக்குப் போய் உட்கார்ந்தே இருந்ததும் சேர்ந்துகொண்டது.

கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்கள் பிள்ளை பிறந்து ஆறு வாரம் கழித்து மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். அப்புறமும் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், பின்னாளில் நிரந்தரமாக வர வாய்ப்பு கூடுதல் என்பதால். பிள்ளையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப் போகும் அதே நாளில் எனக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன், தனியாக ஒரு நாள் ஒதுக்க எந்தத் தாய்க்கு முடிகிறது? அளவு சரியாக இருந்தது. இப்போதும் வருடா வருடம் இளையவள் பிறந்த மாதத்தில் பார்த்துக்கொள்கிறேன்.